வான்கம்பியும் அதன் இணைப்பும்



1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சென்னை அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர், வீட்டின்மேல் செப்புக் கம்பி கட்டிப் பெட்டியோடு இணைப்பர். அதனை ஏரியல் என்றும் வான்கம்பி என்றும் அழைத்தனர். அன்று இணைப்புப் பழுதானால் பாட்டுத்தான் கேளாது. இன்றைய தொழிற்சாலைகளிலோ பளுதூக்கிக்கு இடும் ஆணையே கம்பியில்லா அலைவழிச் செல்கிறது. அலை அறுந்தால் பளுதூக்கி தானே நின்றுவிடுமாறு அமைப்பது முறை. ஆயினும், பாரம் அந்தரத்தில் தொங்க அது நடுவழியில் நிற்பதும் இடரன்றோ?

வான்கம்பியின் நீளம் அலைக்குப் பொருந்த வேண்டும். 300 என்னும் எண்ணை, மெகாஹெர்ட்ஸில் கூறப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால், அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 866 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கம்பி, நன்கு பணிபுரியும். 2400 மெகாஹெர்ட்ஸுக்கோ 3 சென்டிமீட்டர் அளவே போதும்.

நீளம் சரியாயினும் இணைப்பு பிழைத்தால் பயனில்லை. இக்கருவிகளில் எஸ்.எம்.ஏ. என்னும் திருகு இணைப்பி பெரிதும் வழங்குகிறது. பொதுவகையில், வான்கம்பியின் அடியில் நடுஊசியும் கருவியின் வாயில் துளையும் இருக்கும். ஆர்.பி. எஸ்.எம்.ஏ. என்னும் மாற்றுவகையில் ஊசி கருவியிலும் துளை வான்கம்பியிலும் அமையும். இரண்டிற்கும் மரை ஒன்றே! மாற்றுவகை வான்கம்பியைப் பொதுவகைக் கருவியில் திருகினால் இறுக்கமாகப் பொருந்தும்; உள்ளேயோ துளையும் துளையும் எதிரெதிர் நிற்கும். கசியும் சிறிதளவு அலையால் மேசையருகே கருவி பேசும். தொலைவில் வைத்தால் ஊமையாகிவிடும்.

எங்கள் பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். பழைய பாவின் இழைகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். பார்வைக்குச் சேர்ந்திருந்தும் முடிச்சு விழாத இழை, தறி ஓடியதும் பிரிந்துவிடும். ஊசி தொடாத இணைப்பும் அத்தகையதே.

ஆகவே, திருகுமுன் இருபுறமும் உற்று நோக்குங்கள். ஒன்றில் ஊசியும் மற்றதில் துளையும் இருத்தல் வேண்டும். வான்கம்பியைப் பொருத்தாமல் அலைபரப்பியை இயக்காதீர்கள். வெளியேற வழியற்ற ஆற்றல் திரும்பிவந்து கருவியைக் கெடுக்கக்கூடும். வெளியில் நிறுவினால் இணைப்பில் மழைநீர் புகாதபடி நாடா சுற்றி, இடிதாங்கியும் நில இணைப்பும் அமையுங்கள்.

உங்களுள் பலர் நாளை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியக்கூடும். கருவி பழுது என்று ஒதுக்குமுன், அந்தச் சிறு திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள்.