நூலிலும் விதைநெல் வேண்டும்

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் உள்ள வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



காணியுரிமை பற்றியும் கடற்றொழிலாளர் துயர் பற்றியும் நாம் பேசுவோம் என எண்ணி வந்தோர் இம்மன்றில் பலர் உளர். அவற்றைப் பேசுவதற்கு மேடைகள் பல உண்டு. இன்று நாம் நூல்களைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதுவும் அரசியலே என்பதை இப்பேச்சின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

சென்ற மாதம் இம்மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலைக்குச் சென்றிருந்தோம். வாங்கில் ஒரு சிறுவன் குனிந்திருந்து படித்துக்கொண்டிருந்தான். "என்ன புத்தகம் வாசிக்கிறீர், தம்பி?" என்று கேட்டோம். "புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், ஐயா" என்றான். "கதைப் புத்தகம் வாசிக்கிறதில்லையோ?" என்றோம். "அது சோதினை முடிஞ்ச பிறகு எண்டு அம்மா சொன்னவ" என்றான். அவன் பின்னால் ஓர் அலுமாரி பூட்டிக் கிடந்தது. திறப்பித்துப் பார்த்தோம். பெரியோர்க்குரிய தடித்த நூல்கள் சில, கறையான் தின்ற எச்சமாய்க் கிடந்தன. அச்சிறுவன் கையில் எடுத்து வாசிக்கத்தக்க நூல் ஒன்றேனும் இல்லை. தாயின் கட்டளை நீங்கினாலும் அவன் வாசிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதே நம்மை வருத்தியது.

இது நூல் பிறவாத மண்ணா? அன்று. இந்தத் திருகோணமலையிலே 1865ஆம் ஆண்டு பிறந்தவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. பழந்தமிழ் நூற் பதிப்பில் பெயர்பெற்ற தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. சென்னை சென்று கற்று, அங்கே நூல்நிலையப் பணியில் அமர்ந்தவர். 1892இல் 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். கிளியைத் தூதுவிடுதல் பழைய மரபு. ஆனால் அந்நூலிலே கிளி சுமந்து சென்றது பெண்ணடிமைக்கு எதிரான முறையீடு. அவ்வாண்டில் பாரதியார் பத்து வயதுச் சிறுவர் என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்றாண்டு கழித்து, 1895இல், 'மோகனாங்கி' என்னும் நாவலைத் தந்தார். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் அரசை ஆண்ட சொக்கநாத நாயக்கரின் காலத்தைக் களமாகக் கொண்ட அக்கதையைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆராய்ச்சியாளர் பலர் போற்றுவர்.

1902இல், நாற்பது வயதும் நிரம்புமுன், அவர் மறைந்தார். கதை அத்துடன் முடியவில்லை. 1919இல் 'மோகனாங்கி' சுருக்கப்பெற்று, 'சொக்கநாத நாயக்கர்' என்னும் பெயருடன் மாணவர்க்குரிய நூலாயிற்று. வளர்ந்தோர்க்கென எழுதிய கதை, எழுதியவர் மறைந்து 17 ஆண்டுகளின் பின்னர், இளையோர் கையிற் சென்று சேர்ந்தது. ஒரே கதை இரு வயதினர்க்கும் உதவியது. இதனை நாம் சிறு செய்தியாகக் கருதுவதில்லை. வழக்கின் மூலச் சான்றே இதுதான்.

இரண்டாவது சான்று நல்லூர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை தொடங்கியவர், பிள்ளைகளைக் கூட்டி வைத்த பின்னர் அவர்கள் கையிற் கொடுக்க நூல் இல்லை என்பதைக் கண்டார். அரசு தரட்டும் என்று காத்திருந்தாரா? சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பாலபாடங்களை வரிசையாக எழுதினார். அதே கை 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வளர்ந்தோர்க்குத் தந்தது. அதே கை திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையைப் புலவர்க்கென அச்சேற்றியது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாலனுக்கும் உரை ஆராயும் புலவனுக்கும் ஒருவரே நூல் செய்தார். பாலபாடம் எழுதியதால் அவர் புலமை குறைந்ததென்று சொன்னவர் உண்டா?

மூன்றாவது சான்று நம் கண் முன் வாழ்ந்து மறைந்தவர். கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூரில், 1925இல் பிறந்த வ. அ. இராசரத்தினம். ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே கதை எழுதியவர். 1962இல் வெளிவந்த அவருடைய 'தோணி' என்னும் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தனக்கென ஒரு தோணி வேண்டும் என ஏங்கும் மீனவச் சிறுவனின் மனம் அப்பெயர் கொண்ட கதையிலே பேசுகிறது. அந்தக் கடலை நாள்தோறும் காணும் நம் பிள்ளைகளில் அக்கதையைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்? கை உயர்த்தச் சொன்னால் நமக்கே வெட்கமாக முடியும்.

இனி எதிர்வாதத்தையும் கேட்போம். நீதிமன்றிற் பழகிய நமக்கு ஒருபக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறல் ஆகாது.

"சிறுவர்க்கு எழுதுதல் சிறு வேலை, புலவர் செய்யத்தக்கதன்று" என்பர் சிலர். அவர்க்கு நாவலர் விடை கூறிவிட்டார்.

"முதலிற் காணி, பிறகு கல்வி, அதன் பிறகே கதைப் புத்தகம்" என்பர் வேறு சிலர். கமக்காரப் பெருமக்களே, உங்களையே கேட்கிறோம். தம்பலகாமத்திலும் மூதூரிலும் அறுவடையானதும் என்ன செய்கிறீர்கள்? உண்ண ஒரு பங்கு, விற்க ஒரு பங்கு. ஆனால் அவ்விரண்டுக்கும் முன்னர், எத்துணைப் பஞ்சம் வந்தபோதும், விதைநெல்லை ஒதுக்கிவைப்பீர்கள். விதைநெல்லைக் குற்றிச் சமைத்தவன் அடுத்த போகத்தில் வயலைப் பார்த்து அழுவான். பெரியோர்க்குரிய நூல் உண்ணும் நெல். சிறுவர்க்குரிய நூல் விதைநெல். சிறுவயதில் கதை வாசியாதவன் முப்பது வயதில் நாவல் வாசிப்பானா? நாற்பது வயதில் தன் காணி உறுதியைத் தானே வாசித்துப் பொருளுணர்வானா? வாசிக்கத் தெரியாமல் ஒப்பமிட்டுவிட்டு நம் அலுவலகப் படியேறி வருவோரை இருபதாண்டாகக் காண்கிறோம். எழுத்து அறியாதார் அல்லர் அவர். நீண்ட வாக்கியத்தை முடிவுவரை தொடர்ந்து செல்லும் பழக்கம் அற்றவர். அப்பழக்கம் வினாத்தாளினால் வருவதன்று, கதையினால் வருவது.

"நூல்கள் இருந்தன, அழிந்து போயின, நாம் என் செய்வோம்?" என்பது மூன்றாவது வாதம். உண்மைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2004இன் ஆழிப்பேரலையும் 2006இன் மூதூர் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? ஓரிடத்தில் மட்டும் இருக்கும் நூல் ஒரு தீக்குச்சிக்கு இரை. ஆயிரம் வீட்டில், ஆயிரம் பிள்ளைகளின் நினைவில் இருக்கும் கதையை எந்த நெருப்பும் தீண்டாது.

ஆகவே செய்யவேண்டுவன மூன்று.

முதலாவது, சட்டம் அறிந்தோர் என்ற முறையிற் கூறுகிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். 1902இல் மறைந்த சரவணமுத்துப்பிள்ளையின் நூல்கள் நம் எல்லோர்க்கும் பொதுவுடைமை. எவரிடமும் அனுமதி கேளாமல் அச்சிடலாம், சுருக்கலாம், சித்திரம் சேர்க்கலாம். 2001இல் மறைந்த இராசரத்தினத்தின் நூல்களுக்கோ உரியவர்களின் இசைவு பெறவேண்டும். அதைக் கேட்டுப் பெறும் வேலையை ஊதியமின்றிச் செய்ய நாம் ஆயத்தம். 'மோகனாங்கி'யை இரு வடிவில் அச்சிடுவோம்: பெரியோர்க்கு முழுமையாக, சிறுவர்க்கு இன்றைய எளிய தமிழில் சுருக்கமாக.

இரண்டாவது, படித்த தொழில் புரிவோர்க்கு. மருத்துவர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! ஆளுக்கு ஒரு சிறு நூல் எழுதுங்கள். நம் துறைமுகம் ஏன் இத்துணை ஆழமானது? மகாவலி மலைநாட்டிலிருந்து கொட்டியாரக் குடா வரை எவ்வாறு வருகிறது? குளக்கோட்டன் பெயரால் நம் முன்னோர் போற்றிய கந்தளாய்க் குளத்தின் நீர் தம்பலகாமத்து வயலுக்கு எவ்வழியே பாய்கிறது? 1986இல் அதன் அணை ஏன் உடைந்தது? இவை பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விகள். விடை உங்களிடம் இருக்கிறது. அவன் கையில் இல்லை.

மூன்றாவது, பொருள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பிரதேச சபைகளுக்கு நூலகம் நடத்தும் அதிகாரம் உண்டு. வரவு செலவுத் திட்டம் வரும்போது சிறுவர் நூலுக்கென ஒரு தொகையைப் பெயர் சொல்லி ஒதுக்குமாறு உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள். அதிகாரம் உள்ள இடத்திற் கேட்பது இரத்தல் அன்று. அதனோடு, ஒவ்வொரு பெரும்போக அறுவடையிலும் குடும்பத்துக்கு ஒரு மரைக்கால் நெல்லின் விலையை இவ்வாசிகசாலைக்குக் கொடுங்கள். பிறரிடம் உரிமை கேட்பவன் தன் பங்கை முதலில் வைத்துவிட்டுக் கேட்டால், அவன் சொல்லுக்கு நிறை அதிகம்.

அந்த வாங்கிலிருந்த சிறுவனை மீண்டும் நினைத்துக்கொள்கிறோம். அவனுடைய சோதினை முடிந்துவிடும். "இனிக் கதைப் புத்தகம் தாருங்கோ" என்று அவன் வந்து நிற்கும் நாளில், அலுமாரியில் அவனுக்கொரு நூல் இருக்கவேண்டும். இக்கூட்டம் கலையுமுன் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றுமாறு தலைவர் அவர்களை வேண்டி, முதற் பங்காக நம் பங்கை இம்மேசையில் வைத்து அமைகிறோம்.