பூட்டிய வீடு யாருக்கு?



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க முடியாது. ஓடு சரிந்திருக்கும். சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர் பிடித்திருக்கும். கதவிடுக்கில் சொத்து வரிக் கேட்பறிக்கைகள் மஞ்சள் பூத்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் சாய்ந்தால் பாதிப்பு பக்கத்து வீட்டுக்காரருக்கு. அவர் மனுவோடு போவது நகராட்சிக்கு.

நகராட்சி என்ன செய்யும்? ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் கொடுக்கும். உரிமையாளர் அசையாவிட்டால் தானே இடித்து, செலவை அவரிடம் கேட்கும். அதோடு சரி. பழுது பார்த்துப் படிப்பகமாகவோ அங்கன்வாடியாகவோ ஆக்க வேண்டுமென்றால், வீடு அதன் பெயரில் இல்லை!

வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்துபோனாலும் நகராட்சிக்குப் பங்கு கிடையாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 29-வது பிரிவில், சொத்து அரசுக்கு என்கிறது. அரசியலமைப்பின் 296-வது பிரிவும் மாநில அரசையே காட்டுகிறது. குப்பை அள்ளுவது நகராட்சி. சொத்து போய்ச் சேருவது கோட்டைக்கு.

அதுவும் ஓர் அதிகாரியின் கையெழுத்தில் நடந்துவிடாது. ஹரித்வாரில் ஓர் ஆசிரம அறக்கட்டளையின் சொத்தை வாரிசில்லாச் சொத்தாகக் கருதி மாவட்ட ஆட்சியர் நடவடிக்கை எடுத்தார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரிசு இல்லை என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும், பொது அறிவிப்பு வேண்டும், உரிமையைத் தீர்மானிக்கும் இடம் சிவில் நீதிமன்றம் என்றது. நியாயம்தான்.

ஆனால் நம் ஊரின் தொல்லை வேறு. இங்கே வாரிசு இல்லாத வீடு அபூர்வம். வாரிசு மிகுந்த வீடுதான் அதிகம். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். பேரன் பேத்திகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறியிருப்பார்கள். ஒருவர் விற்கலாம் என்பார்; ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். பாகப்பிரிவினை வழக்கு இழுத்துக்கொண்டே போகும்.

நியூயார்க் மாநிலச் சட்டம் கேட்பாரற்றுக் கிடக்கும் வீடுகளுக்கென்றே தனி வழக்குமுறை வைத்திருக்கிறது. கைவிடப்பட்ட வீடு என்று உள்ளாட்சி சான்று தரும். உரிமையாளருக்கும் அடமானம் வைத்திருப்பவருக்கும் நோட்டீஸ் போகும். அவர்கள் வந்து வாதாடலாம். அதன் பிறகே, நீதிமன்ற உத்தரவால், உரிமை உள்ளாட்சிக்கு மாறும். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி காலி வீடுகள் சுமார் 90 லட்சம். அங்கே 2015-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆபத்தான வீடுகளைச் சீர் செய்ய உத்தரவிடவும் இடிக்கவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது.

விரும்பிக் கொடுத்தவரும் நம்மிடையே உண்டு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே கொடுத்தார். ராஜபாளையம் காந்தி கலை மன்றம் அப்படி உருவானதுதான். எல்லோரிடமும் அந்த மனத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

வழக்கு நடத்தும் இடமும் தொலைவில் இல்லை. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. நியூயார்க் போன்ற வழக்குமுறையைச் சட்டமன்றம் கொண்டுவந்தால், ராஜபாளையம் நகராட்சி பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினால் போதும்.

அதுவரை கவுன்சிலர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வார்டு வாரியாகப் பூட்டிய வீடுகளின் பட்டியலை எடுக்கலாம். அதைப் புரட்டாசிக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். அந்த மாதச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகேயுள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைச் சேவிக்க வெளியூர்க் குடும்பங்கள் வருகின்றன. பங்காளிகள் ஊரில் இருக்கும்போதே பேச்சைத் தொடங்கலாம். வராதவர்களின் முகவரியை வந்தவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம்.