வெயிலுக்கு வைத்த கெடு

விழுப்புரத்தை அடுத்த காணையில் கரும்புக்கும் நெல்லுக்கும் நீர் இறைக்கும் மோட்டார் எந்த அனல் நிலையத்தின் தயவில் ஓடுகிறது என்பதை நாம் சிந்திப்பதில்லை. ஆயினும், அவ்வயல்களின்மேல் வருஷமெல்லாம் பொழியும் வெயிலையே மின்சாரமாக்குவோம் என்று அரசாங்கங்கள் கெடு வைத்துப் பிரகடனம் செய்து பல்லாண்டுகள் ஆகின்றன.

2012-இல் தமிழக அரசு வெளியிட்ட சூரிய சக்திக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று லட்சியம் வகுத்தது. கெடு முடிந்தபோது பாதிகூடக் கைகூடவில்லை. மத்திய அரசோ, 2022-க்குள் காற்று, கதிரவன் முதலியவற்றிலிருந்து 1,75,000 மெகாவாட் என்றது. கிட்டியது சுமார் 1,20,000. அந்தப் பெரிய லட்சியம் இல்லாதிருந்தால் இவ்வளவும் வந்திராது என்பதே என் அபிப்பிராயம். ஆனால், கூரைகளின்மேல் அமைப்பதாகச் சொன்ன 40,000 மெகாவாட்டில் கால் பங்குகூட நிறைவேறாததற்கு என்ன சமாதானம் சொல்வது? கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு ஒரு நிறுவனத்தின் முதலீடு போதுமாயிருந்தது. கூரைக்கோ லட்சோபலட்சம் குடும்பங்களின் சம்மதமும், சேமிப்பும், வங்கிக் கடனும் வேண்டும்.

2025-இல் நாட்டின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி போன்ற எரிபொருளைச் சாராததாயிற்று. 2030-க்கென்று வைத்த குறி அது. பெருமைதான்! எனினும் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. பொழுது சாய்ந்தபின் நம் வீடுகளில் விளக்கெரிப்பது பெரும்பாலும் நிலக்கரியே.

நிலமுடைய நேயர்கள், சூரிய சக்திப் பம்புசெட்டுக்கு அரசு தரும் மானியத்தைப் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.