கண்ணியின்மேல் விழுந்த சுபேதார்

கொழும்பிலே புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களே நினைவுக்கு வரும். முன்னாளில் அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் நடமாடிய அவ்விடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஹல்ஸ்டோர்ப் என்னும் பெயர் ஒரு போர்வீரனுடையது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற ஒல்லாந்தர் இட்ட முற்றுகையிலே, 1656ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உயிர்துறந்த தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயர் அது. நகரம் அடுத்த மாதமே பணிந்தது. தளபதிகளின் பெயரை ஊரும் தெருவும் தாங்கி நிற்கும். தோழரைக் காக்க மாண்ட சிறு பதவியினரின் பெயரோ பெரும்பாலும் பட்டாளத்துப் பதிவேட்டோடு நின்றுவிடும். அவ்வாறு நின்றுவிடத் தகாத ஒரு தமிழ்ப் பெயர், சுபேதார் சுப்பிரமணியன்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1780ஆம் ஆண்டில் தோன்றி, பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படையிலே சேர்ந்தார். பாலம் அமைத்தல், பாதை திறத்தல், பகைவர் புதைத்த கண்ணிகளை அகற்றுதல் என்பனவே சாப்பர்களின் தொழில். மற்றையோர் சுடுவதற்குச் செல்கையில், அவர்கள் நடப்பதற்கு வழி செய்ய முன்னே செல்பவர்கள் இவர்கள். துப்பாக்கியைவிட மண்வெட்டியே இவர்கள் கையில் மிகுதியாகப் புழங்கியது எனலாம்.

இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நேசநாட்டுச் சேனைகள் இத்தாலியில் மொன்டே காசினோ மலையடியிலே தடைப்பட்டு நின்றன. பெப்ரவரி 15ஆம் நாள் மலைமேலிருந்த பழம்பெரும் மடாலயம் விமானக் குண்டுகளால் தகர்ந்தது. அதன் பின்னரும் ஜேர்மானியர் அகலவில்லை. விட்டுச்சென்ற நிலங்களிலும் அவர்கள் கண்ணிகளை விதைத்துச் சென்றிருந்தனர். அவற்றுள் ஒருவகை, மிதித்தவுடன் வெடிப்பதன்று. சில விநாடிகள் கழித்து இடுப்பளவு உயரம் எம்பி வெடித்து, முந்நூற்றுக்கு மேற்பட்ட எஃகுக் குண்டுகளை நாற்றிசையும் சிதறும். வேறொரு வகை மரப்பெட்டிக்குள் அமைந்தமையால் உலோகமறி கருவிக்கு எளிதில் அகப்படாது. அந்நிலத்தை விரல் விரலாகத் தடவியே முன்னேற வேண்டியிருந்தது.

காசினோவுக்குத் தென்கிழக்கே உள்ள மிஞ்ஞானோ என்னுமிடத்தில், பெப்ரவரி 24ஆம் நாள், சுப்பிரமணியனும் அவருடைய வீரர்களும் கண்ணி அகற்றிக்கொண்டிருந்தனர். அப்போது கண்ணியொன்று வெடிக்கும் நிலை எய்தியது. உடன் நின்றவர்களைக் காக்கும்பொருட்டுச் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து விழுந்து, வெடியின் வேகம் முழுவதையும் தம் உடலில் ஏற்றார். அவருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது.

கண்ணி யாது செய்யும் என்பதை அறியாது பாய்ந்தவர் அல்லர் அவர். அதனை அறிவதே அவர் தொழில். மேலதிகாரி ஒருவர் படையை முன்னேறிச் செல்லப் பணிக்கலாம். மரணம் நேரும் என்று தெரிந்தும் பணிக்கலாம். கண்ணியின்மேல் விழுந்து கிட என்று எவரும் பணித்தல் இயலாது. பிறன் உயிருக்குத் தன் உயிரை ஈடாகக் கொடு என்று புதுக்கடையின் எந்த நீதிமன்றமும் தீர்ப்புரைக்கவும் மாட்டாது. தம்முடைய வீரர்களுக்குத் தாம் கடன்பட்டவர் என்று அந்தச் சுபேதார் தாமே தீர்த்துக்கொண்டார். வாதத்துக்கும் மறுவாதத்துக்கும் அங்கே நேரம் இருக்கவில்லை.

அவருக்கு ஜோர்ஜ் சிலுவை என்னும் விருது இறந்த பின் வழங்கப்பட்டது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1940ஆம் ஆண்டில் நிறுவிய அவ்விருதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பகைவனை எதிர்நின்று பொருதவர்க்கு விக்டோரியாச் சிலுவை. பகைவன் எதிரில் இல்லாதவிடத்துக் காட்டிய துணிவுக்கு ஜோர்ஜ் சிலுவை. பின்னதைக் குறைந்ததென நினைப்பாரும் உளர். மதிப்பில் இரண்டும் நிகரானவை. எதிரில் பகைவன் நிற்கும்போது சினமாவது துணை வரும். மிஞ்ஞானோவில் அந்தத் துணையும் இல்லை.

சாப்பர்களின் அத்தொழிலை இலங்கையின் வடபுலத்தார் நன்கறிவர். 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர், முகமாலையிலும் வன்னியிலும் கண்ணியகற்றச் சென்றவர்களுள் பெண்கள் பலர். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர்களும் அவர்களிடையே இருந்தனர். முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, கைக்கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, முடித்த இடத்துக்குக் குறியிட்டு அடுத்த சாணுக்கு நகர்ந்தனர். குறியிட்ட இடத்துக்குப் பின்னால், ஊருக்குத் திரும்பக் காத்திருந்தவர்களின் காணிகள் கிடந்தன.