பொருளையும் அறிவோம், வாங்குவோரையும் அறிவோம்

(பட்டதாரி இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் வீடுகளில் ஒரு பிள்ளை, "எனக்கு மார்க்கெட்டிங்கில் வேலை கிடைத்திருக்கிறது" என்று சொன்னால் பெற்றோரின் முகம் சுருங்கிவிடுகிறது. தோளில் பையைத் தொங்கவிட்டு, வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். பெண் கொடுப்போரும் தயங்குகின்றனர். பிள்ளையோ மாதக் கடைசியில் 'டார்கெட்' முடிக்க இயலாமல் மனம் சோர்ந்து, ஓராண்டுக்குள் வேலையை விட்டுவிடுகிறான். அத்துடன் அந்தத் துறையே மோசமானது என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறான். இத்துறையில் மனநிறைவோடு வாழ வழி உண்டா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆயத்தமாக உள்ள பொருளை வாடிக்கையாளரின் கையில் சேர்த்துப் பணம் பெறுவது விற்பனை. அந்தப் பொருள் யாருக்கு உரியது, அவருடைய எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது, எந்த அளவில், எந்த விலையில், எந்தப் பெயரில் கிடைக்க வேண்டும், வேறொன்றை விடுத்து இதனை அவர் ஏன் வாங்க வேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து முடிவு செய்வது பொருள் சந்தைப்படுத்தல். சோப்புக்கும் இது பொருந்தும். கணினி மென்பொருளுக்கும் பொருந்தும்.

இப்பணி தனித் தொழிலாக உருவெடுத்ததில் 1931ஆம் ஆண்டுக்கு முக்கிய இடம் உண்டு. அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் 'கேமே' என்னும் சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், தம் மேலிடத்திற்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும். விற்பனை எங்கே குறைந்துள்ளது என்று கண்டறிந்து, அந்த ஊருக்கே நேரில் சென்று, கடைக்காரரிடமும் வாங்குவோரிடமும் காரணத்தை விசாரித்து அறிய வேண்டும் என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் அவர் அந்நிறுவனத்தின் தலைவராகவும், 1957 முதல் 1959 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைச்சராகவும் உயர்ந்தார்.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், வசதி படைத்தோர் பயன்படுத்தும் பொருள் எளியவருக்கும் எட்ட வேண்டும் என்று எண்ணி, ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டுகளில் அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். கிராமங்களில் மக்கள் முன்னிலையில் சிறுவர்களின் தலையை அலசிக் காட்டி, கூந்தலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி பாக்கெட்டுகளைத் திருப்பித் தருவோருக்குப் புதிய பாக்கெட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். பின்னர் 50 காசுக்கும் ஒரு பாக்கெட் விற்றார்கள். முழுப் புட்டியை வாங்க அன்றாடக் கூலிக்காரரிடம் பணம் இல்லை என்பதைக் கண்டுகொண்டதே இந்த வெற்றியின் வேர். அதே பாக்கெட்டுகள் இன்று மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாத குப்பையாகத் தெருவில் கிடக்கின்றன. அதற்குத் தீர்வு காண்பது உங்கள் தலைமுறையின் வேலை.

அன்பு இளைஞர்களே! வாங்குவோரை அறிவது மட்டும் போதுமா? போதாது. 1970களில் ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மாவு விற்ற நிறுவனங்களும் தாய்மார்களை நன்றாகவே அறிந்திருந்தன. செவிலியர் போன்று உடையணிந்த விற்பனைப் பெண்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பின. இலவச மாதிரிகளை வழங்கின. இலவசம் தீர்வதற்குள் பல தாய்மார்களுக்குப் பால் வற்றிவிட்டது. தூய நீரும் போதிய பணமும் இல்லாத வீடுகளில் மாவை நீர்க்கக் கரைத்துக் கொடுத்ததால் குழந்தைகள் நோயுற்றன. 1977இல் நுகர்வோர் புறக்கணிப்பு தொடங்கியது. 1981இல் உலக சுகாதார சபை இவ்வகை விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமே இயற்றி, இவற்றின் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடைசெய்தது.

இரண்டு இடத்திலும் கையாளப்பட்ட திறமை ஒன்றே. ஓரிடத்தில் அது எளியவரின் தேவையைத் தீர்த்தது. மற்றோரிடத்தில் அவருடைய அறியாமையைக் காசாக்கியது. பிறருடைய தேவையை அறியும் அறிவு ஓர் அமானிதம். அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே இத்தொழிலில் மனநிறைவு அமைகிறது. சம்பளமும் பதவிப் பெயரும் அதன் பின்னரே வருகின்றன.

ஆகவே வேலையை ஏற்கும் முன் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பொருளை என் தாய்க்கு வாங்கிக் கொடுப்பேனா? வாங்கியவர் ஓராண்டு கழித்து என்னைத் தெருவில் கண்டால் நன்றி சொல்வாரா, முகம் திருப்புவாரா? இதன் குறையை மறைக்காமல் சொல்ல என் நிறுவனம் அனுமதிக்குமா? விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது நாம் அனைவரும் அறிந்த வணிக ஒழுக்கம். இன்று அது நாட்டின் சட்டமாகவும் உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

நேர்முகத் தேர்வில் நிறுவனத்தாரிடமும் ஒன்று கேளுங்கள். வாடிக்கையாளரிடம் நான் கேட்டறிந்து வருவதைப் பொருளை உருவாக்குவோர் செவிமடுப்பார்களா? ஆம் என்றால் அங்கே நீங்கள் வளரலாம். எண்ணிக்கையை மட்டுமே கேட்கும் இடத்தில் நெடுநாள் தங்க வேண்டியதில்லை.

எனினும், தொடக்கத்தில் கடை கடையாக ஏறி இறங்குவதை இழிவாக எண்ணாதீர்கள். பெரிய நுகர்பொருள் நிறுவனங்களே தாம் தேர்ந்தெடுக்கும் பட்டதாரிகளை முதலில் கடைவீதிக்கும் கிராமத்துக்கும் அனுப்பிப் பழக்குகின்றன. கணக்கைப் படிக்கும் பழக்கம், தெளிவாக எழுதும் ஆற்றல், குறுக்கிடாமல் கேட்கும் பொறுமை ஆகிய மூன்றையும் வளர்த்துக்கொள்ளுங்கள். தந்தை கடை வைத்திருந்தால் அதுவே உங்கள் முதல் பள்ளிக்கூடம். மாலையில் ஒரு மணி நேரம் கல்லாவுக்கு அருகில் அமர்ந்து, கேட்ட பொருள் கிடைக்காமல் திரும்பிச் செல்வோர் எதைக் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சந்தை ஆய்வின் பாலபாடம் அதுவே.

பெற்றோர்களே! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் மக்கள் பல தலைமுறைகளாகத் தோல் தொழிலில் தேர்ந்தவர்கள். அங்கே தைக்கப்படும் காலணிகள் பல, அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர் தாங்கியே கடல் கடக்கின்றன. பொருளைச் செய்யும் திறன் நம்மிடம் இருக்கிறது. வாங்குவோரை அறிந்து, நம்பிக்கைக்குரிய பெயரை நிலைநாட்டும் திறனையும் நம் பிள்ளைகள் கற்கட்டும். அவர்கள் இந்தத் துறையை நாடினால் தடுக்காதீர்கள். எந்தப் பொருளை விற்கப் போகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

நேர்மையான உழைப்பையும் மனநிறைவான வாழ்வாதாரத்தையும் நம் இளைஞர்களுக்கு வல்ல இறைவன் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.