மருந்து எட்டாத இடத்துக்கு மருந்து
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். "சர்க்கரை, பிரஷர் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க சிஸ்டர், வேற ஏதாவது சொல்லுங்க" என்று உங்கள் செயலாளர் கேட்டார். அதனால் இதய வால்வில் வரும் கிருமித் தொற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

இதயத்தில் நான்கு வால்வுகள் இருக்கு. வீட்டுக் கதவு மாதிரி, ரத்தம் முன்னால் போகத் திறக்கும், திரும்பி வராமல் மூடும். 5 முதல் 15 வயதுக்குள் தொண்டைப் புண் வந்து, அதன்பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும் சில பிள்ளைகளுக்கு இந்தக் கதவு கெட்டுப் போகிறது. இதை ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். பெண்களில் பலருக்குக் கல்யாணமாகி, கர்ப்பத்தில் மூச்சு வாங்கும்போதுதான் விஷயமே தெரியவருது.

இப்படிக் கெட்ட வால்விலும், மாற்றி வைத்த செயற்கை வால்விலும் கிருமி சுலபமாக ஒட்டிக்கொள்ளும். சொத்தைப் பல்லும் ஈறும்கூட அதற்கு வழிதான். ஒட்டிய இடத்தில் ரத்தக்கட்டும் கிருமியும் சேர்ந்து குட்டிக் காலிஃபிளவர் போல வளரும். அதில் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

"ஊசி போட்டா சரியாயிடாதா?" என்று கேட்பீர்கள். பலருக்குச் சரியாகும். ஆனால் வாய்க்கால் படியில் பாசி பிடித்திருந்தால், ஓடுற தண்ணி அதைக் கழுவிடுமா? அந்த வளர்ச்சிக்குள்ளே ரத்தக்குழாய் கிடையாது. மருந்து வெளியிலிருந்து மெதுவாகத்தான் ஊற வேண்டும். அதனால்தான் 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக ஊசி போடுகிறோம். அதற்கும் அடங்காமல் வால்வு கிழிந்தால், பக்கத்தில் சீழ் கட்டினால், அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

கிருமி இருக்கும்போதே நெஞ்சைத் திறக்கலாமா என்று டாக்டர்களே தயங்கிய காலம் உண்டு. 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள், தொற்று ஆறுமுன்பே வால்வை எடுத்துப் புது வால்வு வைத்துக் காப்பாற்றிய செய்தியை வெளியிட்டார்கள். இன்று நம் ஊரிலும் அது நடக்கிறது.

ஆபரேஷனில் முதல் வேலை சுரண்டி எடுப்பது. கெட்ட சதையைத் துளி விடாமல் வெட்டி எடுத்து, அந்த இடத்தைக் கழுவுவார்கள். சீழ் இருந்த குழியில் சில டாக்டர்கள் ஜென்டாமைசின் மருந்து ஏற்றிய கொலாஜன் பஞ்சை வைப்பார்கள். அது உள்ளேயே கரைந்துவிடும். பெருந்தமனியின் அடிப்பகுதியையே மாற்றும்போது, அந்தத் துணிக்குழாயை ரிஃபாம்பிசின் கரைசலில் ஊறவைத்துத் தைப்பதும் உண்டு. டி.பி.க்குக் கொடுக்கிற, சிறுநீரைச் சிவக்க வைக்கிற அதே மருந்துதான்.

இதில் என்ன லாபம்? கிருமி இருந்த இடத்தில் மருந்து அதிகமாக நிற்கும், ரத்தத்தில் குறைவாகவே கலக்கும். ஜென்டாமைசின் ரத்தத்தில் கூடினால் கிட்னியும் காதும் பாதிக்கும், அதனால் இது முக்கியம். ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இதைச் செய்வதில்லை, பெரிய ஆய்வுகள் இன்னும் போதவில்லை. இது துணை மருந்துதான். ஆபரேஷன் முடிந்தாலும் ஊசி வாரக்கணக்கில் தொடரும். "தையல் ஆறிடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று யாரும் பாதியில் கிளம்பக் கூடாது.

இனி நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். வால்வு கோளாறு உள்ளவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல் தணியும், கிருமி பதுங்கும். பிறகு ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகலாம். எது என்று தெரியாமல் சரியான மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் ரத்தம் எடுக்கட்டும், பிறகு மருந்து தொடங்கட்டும். "எனக்கு வால்வு பிரச்சினை இருக்கு" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கும் முன்பும் அதைச் சொல்ல வேண்டும்.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள், வருஷக்கணக்கில். நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று நிறுத்திவிடுகிறோம். கடன் தவணைத் தேதியை மறக்காத நாம், அந்த ஊசித் தேதியையும் குழு நோட்டில் எழுதி வைக்கலாமே! அடுத்த கூட்டத்திலேயே, "யார் வீட்டில் இந்த ஊசி போடுற பிள்ளை இருக்கு?" என்று கேளுங்கள். விவரத்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

வால்வு ஆபரேஷன் என்றதும் நகையை அடகு வைக்க ஓட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத குடும்பத்துக்கு அட்டை எடுத்துக் கொடுப்பதையும் இன்றே தீர்மானமாக எழுதுங்கள்.