கண் எடுத்த இடத்தில் வரும் நீர்க்கட்டி
(நெய்வேலி நகரியத்தில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட காலமுதல் இவ்வூருக்குத் தூசி புதிதல்ல. பட்டறையில் தெறிக்கும் இரும்புத்துகள் ஒருபுறம். சுற்றுக் கிராமங்களில் நெற்கதிரின் சுணையும் கரும்புத் தோகையும் மறுபுறம். சிறு காயம் புண்ணாகி, பார்வை போய், கடைசியில் கண்ணையே எடுக்க நேர்ந்தவர்களை வார்டில் நாங்கள் சந்திக்கிறோம்.

கண்ணை எடுத்ததோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. குழியை மூடும் மெல்லிய படலத்தின் செல்கள் சில தையலுக்குள் புதைந்துவிட்டால், அவை பெருகி, நீர் சுரந்து, பை போலாகிவிடும். மாதங்களோ வருடங்களோ கழித்து அந்தக் கட்டி தலைகாட்டும். செயற்கைக் கண்ணை அது முன்னே தள்ளும். முகம் கழுவும்போது கண் கையில் வந்து விழும்.

மந்தாரக்குப்பம் பக்கத்துத் தாயார் ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். "புத்துநோய்தானே ஐயா? மறைக்காம சொல்லுங்க" என்றார். (போதகருக்கு ஏன் இந்த வைத்தியமெல்லாம் என்பீர்கள். டாக்டரிடம் கேட்கப் பயப்படுவதை எங்களிடம்தான் கேட்கிறார்கள்.) அவருக்கு வந்தது வெறும் நீர்க்கட்டி. ஆனால் புற்றுநோய்க்காகவே கண் எடுக்கப்பட்டவர்களிடம் ஸ்கேன் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிடக்கூடாது.

ஊசியால் நீரை உறிஞ்சினால் போதாதா? அன்றைக்கு வற்றும், பையின் உட்படலம் அப்படியே இருப்பதால் மறுபடியும் நிரம்பும். பையை உடையாமல் முழுவதும் பிரித்தெடுப்பதே நல்லது. அதன் சுவர் மிக மெல்லியது. எல்லை தெரிவதற்காக டிரைபான் புளூ என்னும் நீலச்சாயத்தை உள்ளே செலுத்துகிற மருத்துவர்களும் உண்டு. சில கட்டிகளில் நீரை எடுத்துவிட்டு, டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் உட்படலத்தைக் கருக்குவார்கள். நல்ல படலத்தை அதிகமாக வெட்டிவிட்டால் குழி சுருங்கும். பிறகு எந்தக் கண்ணும் நிற்காது. இங்கே வேகத்தைவிடப் பொறுமையே தேவை.

காயம் ஆறும்வரை குழியில் ஒரு பிளாஸ்டிக் அச்சை வைத்திருப்பார்கள். சில வாரங்கள் சென்று புதுக் கண்ணுக்கு அளவெடுப்பார்கள். ஒருகாலத்தில் கண்ணாடிக் கண்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இரண்டாம் உலகப்போரில் அவை வராமற்போகவே, அமெரிக்காவில் அக்ரிலிக்கில் செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் ஊர்களிலும் அதுதான்.

ஆயத்தக் கண் மலிவு. எல்லார் குழிக்கும் அது பொருந்துவதில்லை. அளவெடுத்துச் செய்யும் கண்ணுக்குச் செலவு அதிகம். கூலிவேலைக்காரர் அங்கேதான் திரும்பிப் போய்விடுகிறார். உங்கள் காணிக்கையை முதலில் இதற்கே செலவிடவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்று. ஒரே கண்ணோடு இருப்பவர் 'பவர்' தேவையில்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி அணியவேண்டும். உங்கள் வட்டத்தில் அப்படி யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். செயற்கைக் கண் துருத்துகிறது, நிற்கவில்லை என்றால் காத்திராமல் அனுப்பிவையுங்கள்.